பூதனார் அணையின் பச்சைப் புல்

வானம் வழங்குக! வயல் விளைக! கூவிள நாடு முழுதாளும் கோமான் பெருநற்சேந்தர் திருவாய் மலர்ந்தருள, அவர்தம் நீர்நிலை அமைச்சன் ஐயாறன் மாறன் எழுதும் ஓலை. வெண்குன்றூர்க் கிழார், விருந்தோம்பலிற் சிறந்த அடிகன் பூதனார் காண்க. உமது குடியும் கிளையும் எருமைகளும் நலந்தானே? எருமைகளின் நலத்தைத் தனியே வினவுவதன் காரணம் கீழே விளங்கும்.

கல்லோடையின் குறுக்கே நீவிர் சொந்தப் பொருளில் எழுப்பிய மண்ணணையைக் கண்டுவர நாம் அனுப்பிய அதிகாரி, உமது விருந்தை உண்டு மகிழ்ந்து, அணை மலைபோல் உறுதியானது என்று வந்து உரைத்தார். அவர் வயிற்றின் நிறைவை அறிந்தோம். அணையின் உறுதியை அறிந்தோமில்லை. ஆகவே அறிவிக்காமல் நாமே வந்தோம்.

மலைமழையால் அணை நிறைந்திருப்பினும், ஊரில் வெயில் காய்ந்த புரட்டாசியில் கரையின் புறச்சரிவு பழுப்பேறிக் கிடக்க, ஓரிடத்தில் மட்டும் புல் கிளிப்பச்சையாய் நின்றது. அழகுக்காகப் பதித்தது என்றார் உம் காரியக்காரர். ஒரு பாயின் அகலத்துக்கு மட்டும் அழகை விரும்பும் உமது சுவை புதிதுதான். புல்லைப் பெயர்க்கச் செய்தோம். அடியில் நீர் கலங்கிக் கசிந்தது. கசிவு தெளிந்திருந்தால் பொறுக்கலாம்; கலங்கியிருந்தால் கரையின் உள்மண் அரிக்கப்படுகிறது என்பதை நீவிரும் அறிவீர். மிகைநீர் வழியும் கலிங்கோ கல்லும் களிமண்ணும் இட்டு அடைக்கப்பட்டிருந்தது. ஆடு மேய்ப்போர் செயல் என்றார் அவரே. மேய்ப்போர் களிமண்ணை இத்துணை நேர்த்தியாகப் பூசக் கற்றது எப்போது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எண்ணினீர் போலும்.

அணை நிறைந்தால் அதன் உடையவர் கரையடியில் பொங்கலிட்டு, அன்றிரவு அங்கேயே துயில்வது இந்நாட்டு வழக்கம். கீழே வாழும் குடிகளுக்கு அவர் தரும் வாக்கு அதுவே. கரையடி ஊரான தாழைக்குடியார் அடுப்பு மூட்டிக் காத்திருக்க, நீவிர் காய்ச்சல் என்று சொல்லிக் காரியக்காரரை அனுப்பினீர். அவரும் பொங்கியதும் பானையோடு குன்றேறிவிட்டார். அவ்வூர்ச் சேந்தி என்பாள் கைக்குழந்தையோடு நம்மிடம் வந்து, கிழாரின் எருமைகளெல்லாம் மேட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டன, எங்களை மட்டும் யாரும் மேலே அழைக்கவில்லை என்று முறையிட்டாள்.

நீர் குறைந்தால் பயிர் வாடும், அறுவடைவரை பொறுத்தருள்க என்று நீவிர் விடுத்த வேண்டுகோளும் கண்டோம். ஐப்பசி மழை உமது அறுவடைக்குக் காத்திராது. எனவே அரசாணை இது: ஓலை கண்ட அன்றே கலிங்கைத் திறக்க, மதகின்வழி நீரை இறக்க, அரித்த இடத்தை அகழ்ந்து களிமண் இட்டு இடித்து இறுக்க. நாம் வந்து கண்டு ஒப்பும்வரை தாழைக்குடியார் குன்றின்மேலுள்ள உமது மாளிகையில் உறைக. உம் மனைவியாரும் மக்களும் அவர்களோடு அங்கேயே இருக்கலாம். அவர்கள் புல் பதிக்கவில்லை. நீவிரும் காரியக்காரரும் தாழைக்குடியில் உறைக. அணை மலைபோல் உறுதியாயின் உமக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

நாரை இலச்சினை இட்டு விடுத்தோம். ஓலை கொணரும் வீரர் உம்மை உடனழைத்தே இறங்குவர். கரைக்கு மிக அருகிலுள்ளது சேந்தியின் வீடு. அதை உமக்கெனப் பெருக்கி வைத்திருக்கிறாள்.