மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தவன்

அனுப்புநர்
பெ. வெள்ளைத்துரை,
முதுநிலைத் தொழுநோய் ஆய்வாளர்,
மலைப் பிரிவு, போடிநாயக்கனூர்.

பெறுநர்
மாவட்டத் தொழுநோய் அலுவலர் அவர்கள்,
மதுரை.

பொருள்: ஏலக்காய் எஸ்டேட் நோயாளிகள் மூவரின் பெயர் வெளியானது – ஆய்வாளர் செல்வி சு. சந்திரவல்லியின் தற்காலிகப் பணிநீக்கம் – பெயரை வெளியிட்டவர் யார் எனத் தெரிவித்து நடவடிக்கை கோருதல் – குறித்து.

பார்வை: 25.8.1982 அன்று போடியில் தாங்கள் நடத்திய விசாரணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இத்துறையில் பதினேழு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். முந்தல் முதல் போடிமெட்டு வரையிலான சரிவில் உள்ள எஸ்டேட்டுகள் அனைத்தும் 1979 வரை என் ஒருவன் பொறுப்பில் இருந்தன. அவ்வாண்டு செல்வி சந்திரவல்லி நியமிக்கப்பட்டு, மேற்சரிவு அவருக்கு, கீழ்ச்சரிவு எனக்கு எனப் பிரிக்கப்பட்டது. முதல் வாரமே செருப்பு அறுந்து வெறுங்காலோடு இறங்கி வந்தவர் அவர். அவருக்குப் பாதை காட்டியவன் நான். இதை இப்போது யாரும் சொல்வதில்லை.

2. அவர் பணி செய்யும் முறை விதிப்படியானதல்ல. பெயர்ப்பட்டை அணிவதில்லை. மாத்திரைகளைப் பவுடர் டப்பாவில் போட்டு, ரிப்பன், ஊக்கு, வளையலோடு ஒரே பையில் கொண்டுபோகிறார். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து வளையல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நோயுள்ளவர் கைக்கு மாத்திரை போய்விடும். பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியாது. இது அரசுப் பணியா, வளையல் வியாபாரமா என்று கேட்டேன். "ஏதோ ஒண்ணுண்ணே, மாத்திரை வயித்துக்குள்ள போகுதுல்ல?" என்று சிரித்தார். நானோ எஸ்டேட் ஜீப்பில் போய், லயத்தின் முன் நின்று, பதிவேட்டைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பவன். சென்ற ஜூன் மாதம் அவரிடம் மாத்திரை வாங்கியவர்கள் அறுபத்து நால்வரில் அறுபத்தொருவர். என்னிடம் ஐம்பத்தேழு பேரில் இருபத்திரண்டு பேர்.

3. ஜூலைக் கூட்டத்தில் தாங்கள் எல்லோர் முன்னிலையிலும், "மலையில வேலை பாக்கிறது எப்படின்னு இந்தப் பொண்ணுகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க" என்று சொன்னீர்கள். என்னைக் குறித்துச் சொல்லவில்லை என்பதை அறிவேன். ஆனாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது என்னைக் குறித்ததாகவே பட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் அவர் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டி, "சாப்பிடுங்கண்ணே" என்றார். வயிறு சரியில்லை என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அவர் மீது இருந்தது பொறாமை. மனுவில் எழுதத் தக்க வேறு சொல் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

4. இனி நடந்தது. மேற்சரிவு எஸ்டேட் ஒன்றின் கணக்கப்பிள்ளை திரு. காசிமாயன், தம் ஆட்களில் யாருக்கு நோய் இருக்கிறதென்று செல்வி சந்திரவல்லியிடம் கேட்டிருக்கிறார். அவர் சொல்ல மறுத்துவிட்டார். 6.8.1982 அன்று காசிமாயன் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, "அந்தப் பொண்ணு வாயத் தொறக்க மாட்டேங்குதுண்ணே. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? ஆபீசுல நீங்கதான பெரியவரு?" என்றார். நெடுநாள் கழித்து என்னைப் பெரியவர் என்று ஒருவர் சொன்னார். அலுவலக அலமாரிச் சாவி என்னிடம் உண்டு. மேற்சரிவு நோயாளிகளின் அட்டைகளை எடுத்துப் பார்த்து, அந்த எஸ்டேட்டில் வேலை செய்யும் மூவரின் பெயர்களைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். பணம் எதுவும் வாங்கவில்லை. நோயாளியின் பெயரை வேலை கொடுப்பவருக்குச் சொல்லலாகாது என்பது பயிற்சியின் முதல் நாளே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. மறந்து செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

5. மூவரில் ஒருவர் ஒச்சம்மாள், வயது நாற்பது, காய் பறிப்பவர். கணவர் இல்லை. முதுகில் உணர்ச்சியற்ற இரண்டு தேமல்களும், வலது கை விரல்களில் மரமரப்பும் தவிர வேறில்லை. பிறருக்குப் பரவாத வகை என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது. அதையும் படித்துவிட்டுத்தான் பெயரை எழுதினேன். மறுநாளே அவருடைய பாத்திரங்களையும் துணிகளையும் லயத்துக்கு வெளியே தூக்கி வைத்தார்கள். மாத்திரை டப்பாவைப் பள்ளத்தில் எறிந்தார்கள். மூவருக்கும் வேலை போயிற்று.

6. செய்தி கேட்டுச் செல்வி சந்திரவல்லி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போனார். நான் காசிமாயனின் ஜீப்பருகே நின்றிருந்தேன். வேலையாட்கள் எல்லோரும் பார்க்க, அங்கே மூட்டையோடு நின்றிருந்த ஒச்சம்மாளின் தூக்குவாளியைத் திறந்து, அதிலிருந்த கஞ்சியைக் குடித்தார். "மூணு வருசமா இந்த அக்காவத் தொட்டுப் பாக்கிறேன். எனக்கு என்னத்த வந்துச்சு? சொல்லுங்க!" என்றார். ஒச்சம்மாள், "பேரு உனக்கு மட்டுந்தான தெரியும், ஆத்தா?" என்று கேட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். செல்வி சந்திரவல்லியின் முகம் அப்போது இருந்த நிலையைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி ஏற்பட்டது. இதை எழுதக் கை கூசுகிறது; ஆயினும் உண்மை. அடுத்த மாத்திரை நாளில் அவரிடம் வந்தவர்கள் ஒன்பது பேர்.

7. வேலையிழந்த மற்ற இருவர் கொடுத்த மனுவின் பேரில் தாங்கள் விசாரித்தபோது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையொப்பமிட்டேன். அட்டைகளை யார் எடுத்திருக்கக்கூடும் என்று கேட்டீர்கள். செல்வி சந்திரவல்லி என்னை ஒருமுறை பார்த்தார். "கண்ணால பாக்காததை நான் சொல்லக்கூடாதுங்க சார்" என்றார். மேற்சரிவு அவர் பொறுப்பு என்பதால் பழி அவர் மேலேயே விழுந்தது. பணிநீக்க உத்தரவைப் பெற்றுக்கொண்டு வெளியே வந்தவர் என்னிடம், "ஒச்சம்மாக்கா ராசிங்காபுரத்துல தம்பி வீட்டுல இருக்காம். வெரசாப் போயி மாத்திரை குடுங்கண்ணே. கை மரத்துக்கிட்டு வருது" என்று மட்டும் சொன்னார். அவர் சொல்லி நான் செய்வதா என்று பதினெட்டு நாட்கள் போகவில்லை.

8. 12.9.1982 அன்று ராசிங்காபுரம் சென்றேன். மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் தனியே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார் ஒச்சம்மாள். வலது கையில் மூன்று விரல்கள் வெந்து புண்ணாகியிருந்தன. சுடுவது தெரியாமல் சட்டியைப் பிடித்திருக்கிறார். வேலை போனது பற்றியோ, லயத்தைவிட்டு விரட்டியது பற்றியோ அவர் கேட்கவில்லை. "சார், அந்தப் புள்ள எதுக்கு என் பேரச் சொல்லுச்சு? எங்கூடப் பொறந்தவ மாதிரில்ல நெனச்சிருந்தேன்" என்று அழுதார். பதினேழு ஆண்டுகளில் என்னை நினைத்து எந்த நோயாளியும் அப்படி அழுததில்லை. அந்த இடத்திலும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான், ஐயா. பிறகு அந்த விரல்களைப் பார்த்தேன். "அந்தப் பிள்ளை சொல்லவில்லை. நான்தான் எழுதிக் கொடுத்தேன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. நான் நீட்டிய மாத்திரைகளைத் தரையில் வைத்து, என் பக்கம் தள்ளிவிட்டார். "அப்ப அதுகிட்டயே வாங்கிக்கிறேன். நீங்க போங்க" என்றார்.

9. ஆகவே தங்களை வேண்டுவது: செல்வி சந்திரவல்லியின் பணிநீக்கத்தை ரத்து செய்ய வேண்டும். பெயரை வெளியிட்டதற்காகவும், விசாரணையில் பொய் சொன்னதற்காகவும் என் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். இம்மூவரின் நோய் வேலைக்குத் தடையல்ல என்று எஸ்டேட் நிர்வாகத்துக்குத் தங்கள் கையொப்பத்துடன் கடிதம் எழுத வேண்டும். அலமாரிச் சாவியை இத்துடன் இணைத்துள்ளேன்.

10. இதை எழுதியதால் என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று தாங்கள் எண்ண வேண்டாம். அவர் மீண்டும் பணிக்கு வந்து, லயத்துப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டால், எனக்கு வலிக்கத்தான் செய்யும். அது என் பாடு. ஒச்சம்மாள் மாத்திரை சாப்பிட்டு இன்றோடு நாற்பத்தொரு நாட்கள் ஆகின்றன. என் மீதான விசாரணை எவ்வளவு தாமதமானாலும் காத்திருப்பேன். செல்வி சந்திரவல்லியை ராசிங்காபுரத்துக்கு அனுப்புவதை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

இடம்: போடிநாயக்கனூர்
நாள்: 17.9.1982

தங்கள் உத்தரவுக்குக் கட்டுப்படும்,
(ஒப்பம்)
பெ. வெள்ளைத்துரை