பனி உருகாத கீழ்ச்சரிவு

ஆல்பா,
பிப்ரவரி 19

அன்புள்ள டெல்ஃபினாவுக்கு,

நீயும் மகளும் புதிதாய்ப் பிறந்த பேரனும் நலமென நம்புகிறேன். நீ கேட்கத் தயங்கும் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்: கீழ்ச்சரிவின் டோல்செட்டோ திராட்சைக் கொடிகள் பிடுங்கப்படவில்லை. இனிப் பிடுங்கப்படவும் மாட்டா.

அவற்றைப் பிடுங்கினால் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லித்தான் நீ புவனஸ் அயர்ஸுக்குக் கப்பலேறினாய். நம் திருமண ஆண்டில் நட்டவை என்பதால், அதை நான் வெறும் கோபமாகக் கொள்ளவில்லை.

உன் தம்பி செகோந்தோ அதன் பிறகும் பிடிவாதமாகவே இருந்தான். மேல்சரிவின் வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணில் நம் நெபியோலோ திராட்சை பெற்ற பெயரை, கீழே டோல்செட்டோவைப் பிடுங்கிவிட்டு அந்த ஈரக் களிமண்ணிலும் நட்டுப் பெற்றுவிடலாம் என்பது அவன் கணக்கு. பனி முதலில் உருகும் இடத்துக்கே நெபியோலோ என்ற ஊர் வழக்கத்தை நினைவூட்டினேன். “பனியே விழாத காலத்துல பனியப் பாத்து நடச் சொல்றீங்களே வக்கீல் அத்தான்! இது உங்க சட்டப் புத்தகத்துல இருக்கா?” என்று சிரித்தான். நான் வாதாடவில்லை. ஒரு பனிப்பொழிவு வரை பொறுக்குமாறு மட்டும் கேட்டேன். அரைமனதாக ஒப்புக்கொண்டான்.

இம்மாதத் தொடக்கத்தில் பனி விழுந்தது, கணுக்கால் அளவுதான். மறுநாள் வெயில் ஏறியதும் மேலே மண் தெரிந்தது. கீழே பல நாளாகியும் பனி அசையவில்லை. தினமும் போய்ப் பார்த்தவன் அவன்தான், நானல்ல. ஞாயிறு மதியம் சாப்பிட வந்தவன், தட்டைப் பார்த்தபடியே, “முந்தித் துளிர்த்துக் கடைசியில பழுக்கற நெபியோலோ அந்தக் குளிர்ல என்னாகும்னு எனக்குத் தெரியாதா? வேணாம், விட்டுட்டேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா, ‘இப்பதான் புத்தி வந்துச்சாடா’ன்னு கடலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்தே குட்டுவா” என்றான். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அதே டோல்செட்டோவைக் கவாத்து செய்யப் போனான். சன்னலருகே நின்று பார்த்தேன். பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் உணவு ருசித்தது.

ஆகவே, நீ விதித்த நிபந்தனைக்கு இனி இடமில்லை. நீ வராதிருக்க வேறு காரணம் உண்டெனில் தெளிவாக எழுது, திருத்தக்கூடியதைத் திருத்துவேன்.

பேரனுக்கு என் ஆசிகள். மகளுக்கு உன் துணை தேவைப்படும் வரை இரு. அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம்.

உன்,
அமெதேயோ