சேர்த்து வைக்காதே என்றாய்

இன்று காலை தம்புள்ளை பஸ்ஸில், அலுவிகாரையில் ஏறிய ஒரு பெண் என்னிடம் தன் பையைத் தந்தாள். மாத்தளை ஸ்டாண்டிலேயே ஏறியதால் எனக்கு இடம் கிடைத்திருந்தது, அவள் நின்றாள். உட்கார்ந்திருக்கிறவர் நிற்கிறவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் பஸ்களில் யாரும் சொல்லிக் கொடுக்காத பழக்கம். அவள் என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள், நானும் அவளைப் பார்க்காமல் வாங்கினேன். பையிலிருந்து கராம்பு வாசம் வந்தது. ஸ்பைஸ் கார்டனில் நாள் முழுக்க மசாலாப் பக்கெட் கட்டுகிறவர்களின் துணிமணியை எத்தனை முறை துவைத்தாலும் விட்டுப் போகாத வாசம், உன் வாசம். நீ செத்து ஐந்து மாதமாகிறது. அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். நாலந்தாவுக்கு முன்னால் இறங்கும்போது "தேங்ஸ் அக்கா" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் போனது நாலந்தாவில் ஒரு வாசகர் வட்டத்துக்கு. என் நாவல் வெளிவந்து ஒரு வருடம் முடிகிறதாம், அதற்கு ஒரு பாராட்டுக் கூட்டமாம். புத்தகத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள், கேட்டியா? நீ படுத்துக் கிடந்தபோது உன்னை வந்து பார்த்தவர்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். அந்தக் கையில் நான் பெரிய விரலும் இல்லை.

நாம் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். ஓ லெவல் வகுப்பில் நான் சீ.ஆர். கொப்பியில் எழுதிய முதல் காதல் கதையை, கணக்குப் பாடம் நடக்கும்போது மேசைக்கடியில் வைத்து வாசித்தவள் நீ. வாசித்து முடித்துவிட்டு நீ கேட்டது ஒரே கேள்வி. "இவன் ஏன்டி எப்பப் பாத்தாலும் மழையில நிக்கிறான்? வீட்டுல குடை இல்லையா?" அதற்குப் பிறகு எட்டு நாவல் எழுதினேன். எட்டையும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, அத்தியாயம் அத்தியாயமாக உன் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். என் கதாநாயகர்களைக் குடை பிடிக்க வைத்தது நீதான்.

இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உனக்குப் படுக்கையில் கிடந்த அம்மா இருந்தார். எனக்கு வந்த மாப்பிள்ளை எவரும் என் கதையில் வருகிறவன் மாதிரி இல்லை என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். என் போட்டோகொப்பிக் கடையில் அடையாள அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டே காதலைப் பற்றி எழுதினேன். ஒருத்தன் கையைக்கூடப் பிடித்ததில்லை. எனக்கு வேண்டிய காதலை எல்லாம் நான் மற்றவர்களிடமிருந்துதான் எடுத்தேன். உன்னிடம் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் நாற்பத்தெட்டு வயது வரைக்கும் நினைத்திருந்தேன்.

ஒரு பௌர்ணமிப் போயா லீவில்தான் நீ வாய் திறந்தாய். உனக்குச் சிறுநீரகம் பழுதாகி ஸ்பைஸ் கார்டன் வேலையை விட்ட புதிது. உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டே, யாரோ அடுத்த வீட்டுக்காரி கதையைச் சொல்கிற மாதிரிச் சொன்னாய். பதினொரு வருடம் ஒரே பஸ். ஸ்டாண்டில் ஏறி, வலப் பக்கம் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து வருகிற ஒரு மனிதர். அலுவிகாரையில் நீ ஏறியதும் கையை நீட்டுவார், நீ பையைக் கொடுப்பாய். முதல் வருடம் ஒரு தடவை எழும்பி இடம் கொடுக்கப் பார்த்தாராம். "வேணாம், பையை மட்டும் வச்சுக்கிட்டாப் போதும்" என்றாயாம். அவ்வளவுதான் பேச்சு. சாப்பாட்டுப் பெட்டி சாய்ந்து கறி ஊற்றிவிடாமல் பதினொரு வருடம் அந்தப் பையை நேராகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். நீ இறங்குகிற இடத்துக்கு ஒரு வளைவு முன்னாலேயே பையைத் தூக்கிக் கையில் வைத்துக்கொள்வாராம். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

"பேரு என்னடி?" என்று கேட்டேன்.

"பேரு எதுக்கு?" என்றாய்.

அன்றைக்கே எழுத ஆரம்பித்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து, அனுமதி கேட்கிற பாவனையில் உன்னிடம் வந்தேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"எழுதிட்ட."

"இல்ல, எழுதலாமான்னுதான்…"

"பொய் சொல்லாதடி. மூஞ்சிலயே தெரியுது. எத்தனை அத்தியாயம்?"

"மூணு."

நீ கோபித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "எழுதிக்க. ஆனா கடைசில அவங்களச் சேத்து வச்சிராத. சேராமப் போனது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு." நான் சத்தியம் பண்ணினேன். உன் கையைப் பிடித்து, பூண்டு வாசத்தோடு, சத்தியம் பண்ணினேன்.

நாவலை நீ சொன்னபடிதான் முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் அவள் பையைத் தானே சுமந்துகொண்டு நின்றபடி போவாள். முதன்முறையாகக் கொழும்பில் ஒரு பதிப்பாளர் என் புத்தகத்தை எடுப்பதாகச் சொல்லியிருந்தார். வாசித்துவிட்டு ஃபோன் எடுத்தார். "மேடம், எல்லாம் அருமை. முடிவுதான் சப்புன்னு இருக்கு. இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்துட்டு வாசகரைத் தெருவுல விட்டுட்டுப் போறீங்க. கல்யாணத்துல முடிங்க. இல்லாட்டி நமக்குச் சரிவராது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவெல்லாம் இல்லை. நான்கு நாளில் கல்யாணத்தை எழுதினேன். உன் பஸ் மனிதருக்கு ஒரு பெயர் வைத்தேன், ஒரு வேலை கொடுத்தேன், கோயில் மண்டபம் பிடித்தேன், மேளக்காரரைக் கூப்பிட்டேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை: அந்தப் புத்தகத்திலேயே நன்றாக அமைந்த அத்தியாயம் அதுதான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. உனக்கு நடக்காததை நான் நடத்தி வைத்துவிட்டேன் என்று ஒரு பெருமை வேறு. நீ கேட்காத சீதனம். அந்த அத்தியாயத்தை மட்டும் உன் வீட்டுக்கு நான் கொண்டு வரவில்லை. நீயும் கேட்கவில்லை. "புத்தகமா வந்ததும் மொத்தமா வாசிக்கிறேன்" என்றாய்.

வெளியீட்டு விழாவில் முதற் பிரதி உனக்குத்தான் என்று சொல்லியிருந்தேன். நம் ஊர் வெளியீட்டு விழா எப்படி என்று உனக்குத் தெரியும். புத்தகத்தைத் திறந்தால் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை என்று வாசிக்காதவர்கள் எழுதிய பக்கங்கள் முதலில் வரும். மேடையிலும் அவர்களே முதல் வரிசையில் இருப்பார்கள். விழாக் குழுவினர் முதற் பிரதிக்கு ஒரு ஹாட்வெயார்க் கடை முதலாளியைப் போட்டார்கள். மண்டபத்தை அவர்தான் பிடித்துக் கொடுத்தாராம். நான் வாயை மூடிக்கொண்டேன். "உங்க சிநேகிதியைச் சிறப்புப் பிரதியில போட்டிருக்கோம்" என்றார்கள். பட்டியலில் நீ இருபத்தேழாவது.

நீ அந்த நீலச் சேலையில் வந்திருந்தாய். கால் வீங்கி, செருப்பின் வாரைப் போடாமல், பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். வரவேற்பு நடனம் முடிந்து, எட்டுப் பேர் பேசி, எனக்குப் பொன்னாடை போர்த்தி, பெயர் பெயராகக் கூப்பிட்டுப் பிரதி கொடுக்கத் தொடங்கியபோது மூன்று மணி நேரம் போய்விட்டது. பதினைந்தாவது பெயரோ பதினாறாவது பெயரோ கூப்பிடும்போது நீ எழுந்தாய். மேடையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. நீ என்னைப் பார்த்து, போகிறேன் என்று கையால் காட்டினாய். நான் எழும்பி வந்து ஒரு புத்தகத்தை உன் கையில் கொடுத்திருக்கலாம். பக்கத்தில் நின்றவர் ஃபோட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். உன் பெயர் வந்தபோது அறிவிப்பாளர் இரண்டு முறை கூப்பிட்டார். "வரல்ல போல, சரி" என்று அடுத்த பெயருக்குப் போனார்.

மறுநாள் நான் உன் வீட்டுக்கு வரவில்லை. தெரிந்த ஆட்டோக்காரரிடம் ஒரு புத்தகம் கொடுத்தனுப்பினேன். அதுவும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு அடுக்கி வைத்திருந்ததில் ஒன்று. 'அன்பு வாசகருக்கு' என்று அதில் இருந்தது உன்னிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உனக்கு எழுத வேறு வார்த்தை இல்லாமலா போனது எனக்கு?

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு நல்ல காலம். பத்திரிகையில் விமர்சனம், வாட்ஸ்அப் குழுக்களில் புகழ்ச்சி, பாடசாலை விழாவுக்குப் பிரதம விருந்தினர். எல்லாரும் அந்தக் கல்யாணத்தைத்தான் சொன்னார்கள். கடைக்கு வந்த ஒரு பெண் கண்ணாடி மேசைக்கு மேலால் என் கையைப் பிடித்து, "சேத்து வச்சிட்டீங்களே அக்கா, நல்லா இருப்பீங்க" என்றாள். நான் தலையாட்டினேன்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு முறை வந்தேன். ஒரு முறை ஃபோனில் விமர்சனத்தைக் காட்டினேன். தூரத்தில் பிடித்து வாசித்துவிட்டு, "ஆளு நல்லா எழுதியிருக்கான்" என்றாய். கடைசி அத்தியாயம் வரைக்கும் வாசித்தாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ எதுவும் சொல்லவில்லை என்பதை வைத்து, வாசித்திருக்கமாட்டாய் என்று ஒரு நாள் நினைப்பேன். மறுநாள், வாசித்துவிட்டு மன்னித்துவிட்டாய் என்று நினைப்பேன். இரண்டும் எனக்கு வசதியாக இருந்தது. "தலையணையக் கொஞ்சம் தூக்கி வை" என்றாய், தூக்கி வைத்தேன். "கடைய யாரு பாக்குறாங்க, போ" என்று அனுப்பிவிட்டாய். மூன்றாவது முறை வந்தது சாவு வீட்டுக்கு. அங்கேயும் ஒருத்தி என்னிடம், அடுத்த நாவல் எப்போது என்று கேட்டாள்.

ஐந்து மாதமாக எனக்கு இருந்தது அந்த ஒரே கேள்விதான். நீ வாசித்தாயா, வாசித்துவிட்டு என்னை என்ன நினைத்தாய்.

இன்று கூட்டம் முடிந்து, வடையும் தேத்தண்ணியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஓரமாக வந்து நின்றாள். ஆஸ்பத்திரி வார்டில் கூட்டித் துடைக்கிற வேலை, வீடு நாலந்தாவில் என்றாள். உன்னைத் தெரியும் என்றாள்.

"அக்காவுக்குக் கண்ணு சரியாத் தெரியல. மத்தியானத்துல வேலை முடிஞ்சா நான்தான் உங்க புத்தகத்த வாசிச்சுக் காட்டுவேன். பக்கத்துக் கட்டில் மூணு பேரும் கேப்பாங்க. எல்லாருக்கும் ஒரே ஆசை, கடைசில என்ன ஆகும்னு. கடைசி அத்தியாயம் வந்ததும் அக்கா புத்தகத்த வாங்கி மூடிட்டாங்க."

"ஏன்?"

"இத நான் வாசிச்சிட்டேன், இது அவ கட்டின கதை, நடந்தத நானே சொல்றேன்னாங்க. ரெண்டு மத்தியானம் சொன்னாங்க. அந்த ஐயா ஏன் வரலங்கறது, பெறகு அவரு தேடி வந்தது, இவங்க என்ன சொன்னாங்கங்கறது, எல்லாம். அவரு பேரக்கூடச் சொன்னாங்க. கேட்டுட்டு ஒரு கட்டில்ல அழுதாங்க, மத்தக் கட்டில்ல சிரிச்சாங்க. நான் ரெண்டும்தான்."

அவர் வந்தாரா? தேடி வந்தாரா? அந்தப் போயா நாளில், அவர் வராத திங்கட்கிழமையோடு கதையை நிறுத்திவிட்டாயே.

"அவ என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"அதச் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க அக்கா."

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னாளா?"

அவள் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. "இல்ல. உங்ககிட்ட மட்டும். அவளுக்குத் தெரிஞ்சா எழுதிருவான்னாங்க."

நான் கெஞ்சினேன். எழுதமாட்டேன் என்று சத்தியம் பண்ணவும் பார்த்தேன். அவள் நல்ல பெண். "செத்தவங்களுக்குக் குடுத்த வாக்கு அக்கா" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு வடை எடுத்துத் தந்துவிட்டுப் போனாள்.

திரும்பி வரும் வழி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். முப்பது வருடத்துக்கு மேலான சிநேகிதிக்குச் சொல்லாததை, ஊர் பேர் தெரியாத மூன்று கட்டிலுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அவர்களுக்குத் தெரியும் அந்த மனிதரின் பெயர். எனக்குத் தெரிந்தது நான் வைத்த பெயர் மட்டும். இந்த நாவலை இன்னும் எத்தனை பேர் வந்து புகழ்ந்தாலும், எனக்கு மட்டும் தெரியாத ஒரு முடிவு உன்னிடம் இருந்தது என்ற நினைப்போடுதான் நான் தலையாட்ட வேண்டும். அது போகாது, சாகும்வரைக்கும் கூடவே இருக்கும். ஒரு வாக்கைக் காப்பாற்றத் தெரிந்த ஆளை நீ கடைசியிலாவது கண்டுபிடித்தாய். அது நான் இல்லை.

உனக்கு என் மேல் கோபமா, இல்லை என்னைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தாயா? எனக்குச் சொல்லியிருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன் என்று பஸ்ஸிலிருந்து இறங்கும்வரைக்கும் உன்னோடு சண்டை பிடித்தேன். வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல், முதல் வேலையாகப் பேனாவைத்தான் எடுத்தேன்.