ஒடசல் என்று நான் வைத்த பெயர்

2025 மார்ச் 4, செவ்வாய்
இந்தக் கொப்பி சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன்: இதில் எழுதப்போவதை இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் உச்சி வரை ஒரு குருவிகூட நம்பாது. நான் யார்? தோட்டத்தில் எண்பது பேருக்குப் பட்டப்பெயர் சூட்டிய சக்கரவர்த்தி! இன்று என் அக்கா மகள் ரஜிதாவுக்கு ஆண் குழந்தை. எடை மூன்று கிலோ. எங்கள் லயத்து வீட்டு வரிசை முழுக்க ஏழு என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9
ரஜிதா படுத்தபடியேதான் பால் கொடுக்கிறாள். பிள்ளையை எடுத்துக் கொடுப்பதும் வாங்கிக் கிடத்துவதும் அக்கா.
“ஏன்டி, புள்ளய மடியில வச்சுக்க மாட்டியா?”
“பயமா இருக்கு மாமா. நான்தான் ஒடசலாச்சே.”
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மார்ச் 10
ஒடசல். நான் வைத்த பெயர். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அவள் அத்தையைப் பெண் பார்க்க வந்த அன்று, அவள் ஏந்தி வந்த தேத்தண்ணித் தட்டு சரிந்தது. நாற்பது கோப்பை நொறுங்கியது என்றேன். சத்தத்துக்குப் பயந்து ரிவர்ஸ்டன் பனி மூன்று நாள் கீழே இறங்கவில்லை என்றேன். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தட்டு எப்படிச் சரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளியில் பரிசுக் கிண்ணம் வாங்க அவள் மேடை ஏறவில்லை. புகுந்த வீட்டு வாசலில் விளக்கை ஏந்தவில்லை, புருஷன்தான் ஏந்தினான். அதையும் கதையாக்கிச் சொல்லித் திரிஞ்சேனே — நான் மனுசனா?

மார்ச் 21
ரஜிதாவின் மாமியார் வந்திருந்தார். பிள்ளை வீறிட்டது. ரஜிதா கையை நீட்டினாள் — அரை அடிதான்.
“நீ வேணாம்மா, ஒடச்சிருவ!” மாமியார் வேடிக்கையாகத்தான் சொன்னார்.
நீட்டிய கை மடங்கிவிட்டது.

மார்ச் 28
சொல்லிவிட்டேன். “அன்னைக்கு நீ தட்டப் போடல புள்ள. என் கை பட்டுத்தான் சரிஞ்சிச்சு.”
ரஜிதா என்னையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போங்க மாமா. எனக்காக இப்படி ஒரு புளுகா?”
அக்காவிடம் ஓடினேன். “ஒன் வாயில நெசம் வந்தா கோயில் மணி தானா அடிக்கும்டா,” என்றாள்.
புளுகன். அது அவர்கள் எனக்கு வைத்த பெயர். இத்தனை வருடம் அதை மாலை போலப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

மார்ச் 29
மணி அடிக்கவில்லை.

ஏப்ரல் 2
முப்பதாம் நாள். தாய் பிள்ளையை ஏந்தி வாசல் தாண்டி வந்து வெயில் காட்டுவது எங்கள் லயத்து வழக்கம். மாமியார் ஏந்தி வந்தார். ரஜிதா பின்னால் வந்தாள், கைகளைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு.
“மாமா, சின்னவருக்கும் ஒரு பட்டப்பேரு வைங்க!” என்று கூடியிருந்தவர்கள் கத்தினார்கள். நான் வைக்கவில்லை.
நாற்பது கோப்பை பொய். பனி பொய். தட்டில் இருந்ததே ஆறு. லக்கலக் காட்டு யானைக் கதையில் தும்பிக்கை நீளத்தைக் காட்ட நான் வீசிய கை பட்டு இரண்டு விழுந்தன. மிச்சம் நான்கையும் விழாமல், சுடுதண்ணீர் கையில் வழிய வழிய, அந்தப் பிள்ளை பிடித்துக்கொண்டு நின்றாள். அது மட்டும் உண்மை.