வீட்டிலா, மைதானத்திலா

மார்ச் 4, புதன்

இன்று மூன்று மேல் தாடை, ஒரு கீழ்த் தாடை. நேற்று அனுப்பிய பல் செட்டை டாக்டர் திருப்பிவிட்டார். முன்பற்கள் வெள்ளை அதிகமாம். ‘தாத்தாவுக்கு இளவட்டச் சிரிப்பு வைத்தால் பேரன் மிரண்டுவிடுவான்’ என்று சீட்டில் எழுதியிருந்தார். வாய்விட்டுச் சிரித்தேன். பல் செட் செய்யும் லேபில் நான் ஒருத்திதான். எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்க ஆளில்லை. அச்சு வார்த்த தாடைகள்தான் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். ரிமோட்டில் ஓடும் என் பொம்மைக் கார் இருக்கிறது. ரிமோட் இருக்கிறது. பேட்டரிகள் மூன்றும் இருக்கின்றன. சார்ஜர் இருந்த இடத்தில் மட்டும் தூசி படியாத ஒரு சதுரம்.

போன சனிக்கிழமை தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போகும்போது அவர் கேட்டார்: “சார்ஜர் என்னோடதுதானே?”

“எடுத்துக்குங்க” என்றேன். நியாயம்தான். கல்யாணமான புதிதில் முதல் வண்டி வாங்கியதிலிருந்தே ஓட்டுவது நான், சார்ஜ் போடுவது அவர்; பிறகு அவர் தனக்கொரு வண்டி வாங்கியபோதும் சார்ஜ் அவர் வேலைதான். பிரிவதென்று ஆனபின் சத்தமில்லாமல் பங்கு பிரித்துக்கொண்டோம். குழந்தை இல்லை, அதனால் சுலபம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

சுலபம்தான். சார்ஜர் இல்லாமல் கார் ஓடாது என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

அக்கா போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“ஏண்டி, வீட்டுல ஒரு செல்போன் சார்ஜர்கூடவா இல்ல?”

அதில் போடக்கூடாது என்று விளக்கினேன். இந்தப் பேட்டரிக்குள் இரண்டு அறைகள் இருக்கும். இரண்டும் சமமாக ஏறவேண்டும். ஒன்று நிரம்பி வழிந்து மற்றது பாதியில் நின்றால் வீங்கும், தீப்பிடிக்கும். சமமாக ஏற்றுவதற்கென்றே பொடிக் கம்பிகளோடு ஒரு வெள்ளைப் பிளக் தனியாக உண்டு.

“தீப்பிடிக்கிற பொம்மைய வச்சுக்கிட்டு இந்த வயசுல என்னடி விளையாட்டு?” என்றாள். பிறகு, “பேசாம இங்க வந்துடேன். தனியா எதுக்குக் கெடக்கற?”

பார்க்கலாம் என்றேன். அங்கே போனால் எனக்கு ஹாலில் ஒரு பாய், பீரோவில் ஒரு தட்டு. அக்கா மனசில் இடமுண்டு, வீட்டில் கிடையாது.

மார்ச் 7, சனி

ரிமோட் கார் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “சார் வண்டி நிறுத்திட்டு வர்றாரா?”

“வரல.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மூன்று சார்ஜர்களை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கை அளவு, சுவரில் சொருகுவது. ஆமை வேகத்தில் ஏறும், ஆனால் தொல்லையில்லை. இரண்டாவது சுவரிலும் ஓடும், நிஜக் கார் பேட்டரியில் கிளிப் மாட்டினாலும் ஓடும். மூன்றாவது பெரியது, ஒரே நேரத்தில் இரண்டு பேட்டரி போடலாம்.

“ரெண்டு பேர் ஓட்டற வீட்டுக்கு இதுதான் மேடம் சரி” என்றவர், சொல்லி முடிப்பதற்குள் தானே அதை ஓரமாக நகர்த்திவிட்டார். அந்த நகர்த்தலுக்காக அவர் நன்றாக இருக்கட்டும்.

பிறகு கேட்டார்: “வீட்டுல வச்சு சார்ஜ் போடப் போறீங்களா, மைதானத்துலயா?”

சாதாரணக் கேள்வி. வாசலில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பவர்களுக்குச் சின்னதே தாராளம். ஞாயிறுதோறும் எல்லோரும் கூடி ஓட்டும் மைதானத்தில் காலையிலிருந்து ஓட்டுவதென்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பேட்டரி தீர்ந்துகொண்டே வரும், அங்கேயே ஏற்றவேண்டும். அங்கே கரன்ட் கிடையாது. அவரவர் ஏறிவந்த காரின் முன்மூடியைத் திறந்து அந்தப் பேட்டரியில் கிளிப் மாட்டிக்கொள்வார்கள். நாங்களும் அப்படித்தான். இப்போது என்னிடம் இருப்பது ஸ்கூட்டர். யாரிடமாவது போய்க் கேட்டு நிற்கவேண்டும். அவரும் அங்கேதான் இருப்பார்.

“மேடம்? வீட்டுலயா, மைதானத்துலயா?”

“யோசிச்சு சொல்றேன்” என்று வந்துவிட்டேன். சார்ஜர் வாங்கப் போனவளிடம் இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டால்?

மார்ச் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். காயவைத்தேன். மடித்தேன். இன்னும் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கிறது.

மார்ச் 11, புதன்

பேட்டரி ஒன்று வீங்கியிருக்கிறது. வயிற்றில் அடி வாங்கிய தவளை மாதிரி. தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. ஆனாலும் பயந்துவிட்டேன். தகர டப்பாவில் மணல் நிரப்பி அதற்குள் வைத்து, டப்பாவை பால்கனி மூலையில் வைத்திருக்கிறேன். கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

“ஃபுல்லா ஏத்தி அப்படியே வச்சிருந்தீங்களா? ஓட்டலைன்னா பாதிக்கு எறக்கி வைக்கணும் மேடம். நெறஞ்சு போய் சும்மாவே கெடந்தா இப்படித்தான். கடைக்கு எடுத்துட்டு வாங்க, குப்பையில போட்றாதீங்க.”

நாங்கள் கடைசியாகப் போவதாக இருந்த ஞாயிறுக்காக அவர் ஏற்றி வைத்தது. அன்று காலையில்தான் பிரிவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். பிறகு எங்கும் போகவில்லை.

மார்ச் 13, வெள்ளி

அவர் போன் செய்தார். பொடி ஸ்க்ரூடிரைவர் ஒன்று இங்கே விட்டுப்போய்விட்டதாம். தேடினேன், கிடைத்தது. சொன்னேன். அதோடு வைத்திருக்கலாம்.

“வண்டி ஓட்டறியா?”

“ம்.”

“சார்ஜருக்கு என்ன பண்ணறே? வேணும்னா பேட்டரிய குடு, நான் போட்டுத் தர்றேன். வாராவாரம் வந்து வாங்கிட்டுப் போறேன்.”

வாராவாரம். அந்த ஒரு சொல்லுக்கு மனசு நாய்க்குட்டி மாதிரி எழுந்து நின்றது. சரி என்று சொன்னால் வாரம் ஒருமுறை காலிங் பெல் அடிக்கும். வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். காபி போடலாம். அப்புறம்? பேட்டரியைக் கொடுத்துவிட்டுப் போவார். கதவைச் சாத்தவேண்டும். வாராவாரம் சாத்தவேண்டும். ஒருதடவை சாத்தினதே இன்னும் ஆறல.

“வேண்டாம், வாங்கிட்டேன்” என்றேன்.

“அப்படியா? எது?”

“நல்லதுதான்” என்று சொல்லி வைத்துவிட்டேன். பச்சைப் பொய். எந்த மாடல் என்றாவது சொல்லியிருக்கலாம், வாயில் வந்தால்தானே.

மார்ச் 14, சனி

பொய்யை மெய்யாக்கக் காலையிலேயே கடைக்குப் போனேன். வீங்கிய பேட்டரியைக் கொடுத்தேன். இரண்டாவது சார்ஜரைக் கேட்டேன், சுவரிலும் காரிலும் ஓடுகிறதே, அது.

“அப்ப மைதானத்துக்குப் போறீங்க” என்றார் கடைக்காரர்.

“தெரியல. ரெண்டுக்கும் ஆகும்ல, இருக்கட்டும்.”

“எதுல போட்டாலும் ஏறும்போது பக்கத்துல ஆள் இருக்கணும். போட்டுட்டுத் தூங்கிடாதீங்க.”

மாலை சமையலறை மேடையில் ஒரு டைல்ஸ் துண்டைப் போட்டு அதன்மேல் பேட்டரியையும் சார்ஜரையும் வைத்தேன். மாட்டினேன். கத்தியது. மறுபடி மாட்டினேன். மறுபடி கத்தியது. அக்காவுக்கு அவ்வளவு விளக்கிய நானே வெள்ளைப் பிளக்கைச் சொருக மறந்திருக்கிறேன்! ஊருக்கு உபதேசம். சொருகியதும் அமைதியானது. இரண்டு அறைகளுக்கும் தனித்தனி எண்கள், மெல்ல மெல்ல ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். டிவி போடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த வீட்டில் நான் எழுந்து போகக்கூடாது என்று சொல்ல ஒரு சாமான் வந்திருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

மைதானத்து கேட் வரை போனேன். அவருடைய கார் நின்றிருந்தது, முன்மூடி திறந்து. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பேட்டரிகளைப் பாதிக்கு இறக்கி வைத்தேன். அதையாவது ஒழுங்காகச் செய்தேன்.

மார்ச் 18, புதன்

தாத்தாவின் பல் நிறம் சரியாக அமைந்துவிட்டது. கொஞ்சம் மஞ்சள், ஓரத்தில் ஒரு பழுப்புக் கீற்று. பொய்ப் பல் உண்மை மாதிரி தெரிய அழுக்கும் கொஞ்சம் வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

போனேன். உள்ளே.

அதே மூலையில் அவர். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். கால்கள் பழக்கத்தில் அந்தப் பக்கமே போகப் பார்த்தன. இழுத்து நிறுத்தினேன். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் உண்டு. வளைவுக்கு வளைவு வண்டியைக் கவிழ்ப்பார், அதனால் குட்டிக்கரணம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவரிடம் போனேன். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம், வாயில் வரும்போது குழறியது.

“உங்க கார் பேட்டரில... கொஞ்சம் கிளிப் மாட்டிக்கட்டுமா?”

“இதப் போய் கேக்கணுமா மேடம்? மாட்டுங்க. ஆனா போகும்போது என் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா நீங்கதான் தள்ளணும்.”

இவ்வளவுதானா? இதற்கா போன வாரம் கேட்டிலிருந்து திரும்பினேன்?

சார்ஜ் ஏறும்போது அந்த மூலையிலிருந்து அவர் வந்தார். குனிந்து எண்களைப் பார்த்தார்.

“அஞ்சு ஆம்பியரா? நாலுல போடேன். பேட்டரிக்கு ஆயுசு கூடும்.”

“எனக்கு அஞ்சு சரியா இருக்கு.”

தலையாட்டினார். “முன்சக்கரம் ஆடுது, பாத்துக்க” என்று சொல்லிவிட்டுத் தன் மூலைக்குப் போனார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

திரும்பும்போது ஸ்கூட்டரை ஓரங்கட்டவேண்டியதாகிவிட்டது. எதுக்கு வந்து பேசணும்? பேசாமலே இருந்திருக்கலாமே. — பேசாம இருந்திருந்தா அதுக்கும் அழுதிருப்பேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஐந்து பேர் ஓடியதில் நான்காவதாக வந்தேன். ஐந்தாவது யாரென்று சொல்லவேண்டியதில்லை, வண்டி தலைகீழாகக் கிடந்தது. இடைவேளையில் என்ன வேலை என்று கேட்டார்கள். இத்தனை வருஷம் வந்தும் யாரும் கேட்டதில்லை, அல்லது அவரிடம் கேட்டிருப்பார்கள். சொன்னேன்.

“அப்ப பல் டாக்டரம்மா!” என்றார் குட்டிக்கரணம்.

“டாக்டர் இல்லீங்க. பல் செட் செய்யறவ.”

“எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. டாக்டரம்மாதான்.”

அவர் வரவில்லை. வேலை வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது என்று குட்டிக்கரணம் காற்றிடம் சொல்வதுபோல் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னதற்கு நன்றி. கடைசி ஓட்டத்தில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. மூலையில் கார் நிற்கும் இடத்தில் புல் மட்டும் மடங்கியிருந்தது.

இரவு சாப்பிடவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. மைதானம் சேறாகியிருக்கும், இன்று ஓட்டம் கிடையாது. துணி துவைத்தாலும் காயாது. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பத்து மணிவாக்கில் போன்.

“டாக்டரம்மா, எங்க இருக்கீங்க?”

“வீட்டுலதான். மழை பெய்யுதே, எப்படி ஓட்டறது?”

“ஓட்ட யாரு கூப்பிட்டா? மைதானத்து ஷெட்டுல சும்மா உக்காந்து பேசிட்டிருக்கோம். ஆள் கொறையுது, வாங்க.”

பேட்டரிகள் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, குடையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.