உன் பிடியரிசிக்கு மட்டும் இருந்த இடம்

மதினி,

இன்று காலை சபையிலிருந்து பிடியரிசி வாங்க வந்தார்கள். நீ போன பிறகு இந்த வீட்டுப் பக்கம் வர அவர்களுக்கு முகம் இல்லாமல் இருந்தது. இன்றுதான் தைரியம் வந்திருக்கிறது. "ஸ்தோத்திரம்மா" என்று கோயில் மூப்பர் வாசலில் குரல் கொடுத்ததுமே எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. அடுக்களையிலிருந்து கலயத்தை எடுத்து வந்து, அவர் விரித்துப் பிடித்த சாக்குக்கு நேராகத் தலைகீழாய்க் கவிழ்த்தேன். ஒரு மணி விழவில்லை.

"என்னம்மா, கலயம் காலியா இருக்கு?" என்றார்.

"காலியாத்தான் இருக்கும். இனிமே இந்த வீட்டுல பிடியரிசி கிடையாது" என்றேன். உள்ளே நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் செருமினார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் செருமல்தான். ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்றாலும் பெற்றார், வாயிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார்.

நீ முதன்முதலாக என் வீட்டுக்குள் வந்ததே அந்தக் கலயத்தைப் பார்த்துத்தானே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மிஷனெரியாக எங்களை இந்தப் பள்ளத்தாக்குக்கு அனுப்பியிருந்தார்கள். குச்சனூருக்குப் போகிற பாதையில் இருந்த இந்த ஊரில் எங்களோடு பேச ஒரு ஆள் கிடையாது. கிணற்றடியில் நான் போய் நின்றால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீ ஒருத்தி மட்டும் நேராக வந்து, அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து நின்று, நான் உலையில் அரிசி போடுவதை வேடிக்கை பார்த்தாய்.

"ஏ ஆத்தா, உலைக்கு எடுத்த அரிசியில ஒரு பிடிய எடுத்து அங்கன எதுக்குப் போடுறீக?"

"அது கோயிலுக்கு. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைக்கணும். வாரக் கடைசியில வந்து வாங்கிட்டுப் போவாவ."

"போவாவளா? அதென்ன பேச்சு, போவாகன்னு சொல்லுங்க" என்று சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "அத ஒங்க சாமி திங்குமா?" என்றாய்.

"இல்லாதவங்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊத்துவாங்க."

"அப்பச் சரி."

அவ்வளவுதான். மறுவாரம் உன் வீட்டிலும் ஒரு கலயம் இருந்தது. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, ஒற்றை ஆளுக்குப் பொங்குகிற சோற்றில் ஒரு பிடி. அன்றைக்கே என்னை மதினி என்று கூப்பிட்டுவிட்டாய். என் ஊர் என்ன, ஜாதி என்ன, என்னிடம் நீ கேட்கவில்லை. உன் கொழுந்தன்மார் கேட்டார்கள். அதை நீ காதிலேயே வாங்கவில்லை.

அதற்குப் பிறகு நாம் நடக்காத வழி உண்டா? சபை இவரைத்தான் அனுப்பியது, ஆனால் பெண்களிருக்கிற வீட்டுக்குள் இவரால் போக முடியாது. நாம்தான் போனோம். மயிலாடும்பாறை வரைக்கும் வண்டியில் போய், இடுப்பொடிந்து, "இந்த வண்டியில வர்றதுக்கு அந்த மாட்டுக்குப் பதிலா நாமளே இழுத்துட்டு வந்திருக்கலாம் மதினி" என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. லோயர் கேம்ப்பிலிருந்து மலைப்பாதையில் ஏறி, குமுளி தாண்டி, ஏலத்தோட்டங்களில் கூலிக்குப் போன நம் ஊர்ப் பெண்களைத் தேடிப் போவோம். முதல் தடவை என் காலெல்லாம் அட்டை. நான் ஜெபம் பண்ணுகிறவள் என்பதே மறந்துபோய் ஊரே கேட்கும்படி அலறினேன். நீ வாயில் மென்றுகொண்டிருந்த புகையிலையை எடுத்து என் முழங்காலில் அப்பினாய். "ஏசுசாமி பெறகு வரட்டும், மொதல்ல இத வையி" என்றாய். அட்டை சுருண்டு விழுந்தது. எனக்குக் குமட்டலும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அந்தத் தோட்டத்துப் பெண்களிடம் நான் வேதம் சொல்லிப் பத்து வார்த்தை பேசுவதற்குள் நீ அவர்களின் பிள்ளைக் காய்ச்சல், புருஷன் அடி, ஊரில் விட்டுவந்த ஆடு எல்லாம் விசாரித்து முடித்திருப்பாய். அப்புறம்தான் அவர்கள் நான் சொல்வதற்குக் காது கொடுத்தார்கள். இவருடைய ஊழியத்தைப் புகழ்ந்து சபையில் பேசியவர்கள் எல்லாருக்கும் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது வயிறு எரிகிறது. ஓய்வு கொடுத்த அன்று இவருக்குச் சால்வை போர்த்தினார்கள். நீ கடைசிப் பாயில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாய்.

கடைசிப் பாய்தான் உனக்கு எப்போதும். ஞாயிறு தவறாமல் வருவாய். கீர்த்தனை பாடும்போது உன் குரல் ஒரு பக்கம், ராகம் ஒரு பக்கம். ஞானஸ்நானம் வாங்காதவர்கள் பின்னால்தான் உட்கார வேண்டும் என்று யாரும் உன்னிடம் சொல்லவில்லை. நீயாகப் போய் உட்கார்ந்தாய். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்காமல், இவரிடம் சண்டை போட்டு, உன்னை ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் சேர்த்துவிட்டேன். எழுத்துத் தெரியாத நீ காது வழியாகவே அத்தனையும் படித்தாய். களை எடுக்கும்போது வேதத்தின் பத்துக் கட்டளைகளை, நாங்கள் கற்பனைகள் என்கிறவற்றை, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எடுப்பாய்.

பரீட்சை வைக்கச் சபைக் குருவானவர், எங்கள் ஐயர், டவுனிலிருந்து வந்தார். பத்துக் கற்பனையில் ஒன்பதும் நீ தடுமாறாமல் சொன்னாய். பத்தாவதில் வந்து நின்றாய். பிறனுடைய வீடு, மனைவி, மாடு எதன்மேலும் ஆசை வைக்காதே என்கிற கற்பனை. நீ ஐயரை நிமிர்ந்து பார்த்தாய்.

"அய்யரே, வீடு சரி, மாடு சரி. அடுத்தவன் பொண்டாட்டிய வச்சு நான் என்ன செய்ய? இது ஆம்பளைகளுக்குச் சொன்னது. அவுக சொல்லட்டும்."

வகுப்பிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும்தான். ஐயர் முகம் கறுத்துவிட்டது. இன்னும் பக்குவம் வரவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த வருஷம் உன்னைக் கூப்பிட்டபோது, "இன்னொருக்கா அந்தாளு முன்னாடி கை கட்டி நிக்க மாட்டேன். என்னைய சாமிக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாய்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான் மதினி. ஒரு வரி. அர்த்தம் இருக்கோ இல்லையோ, கண்ணை மூடிக்கொண்டு சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் கெஞ்சினேன். "ஒனக்காக வேணும்னா மலை ஏறுறேன், பொய் சொல்ல மாட்டேன்" என்றாய். வீம்பு. உடம்பெல்லாம் வீம்பு உனக்கு.

ஆனால் உன் அரிசிக்கு மட்டும் யாரும் பரீட்சை வைக்கவில்லை. யுத்தக் காலத்தில் பர்மா அரிசி நின்றுபோய் ஊரே சோளத்துக்கும் கம்புக்கும் அலைந்தபோது, எங்கள் சபைக் குடும்பங்களில் பாதிப் பேர் கலயத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். நீ சோளத்தில் ஒரு பிடி போட்டாய். இதே மூப்பர்தான் வாங்கிக்கொண்டு போனார். "பக்குவம் வராத சோளம்" என்று திருப்பிக் கொடுக்கவில்லையே! சாக்கின் வாயை நன்றாக விரித்துப் பிடித்தாரே!

இவருக்கு ஓய்வு வந்ததும் இனி மலைக்கு வேண்டாம், முழங்கால் தாங்காது என்று நான் சொன்னேன். "ஓய்வு ஒங்க வீட்டுக்காரகளுக்குத்தான். நமக்கு யாரு குடுத்தா?" என்று நீ மட்டும் தனியாக ஏறினாய். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம், துணைக்கு ஆளில்லை என்று கேள்விப்பட்டிருந்தாய். இறங்கி வரும்போது குளிர்காய்ச்சலோடு வந்தாய். உன் கொழுந்தன்மார் எட்டிப் பார்க்கவில்லை. என் வீட்டில்தான் படுக்க வைத்தேன்.

அந்தப் பகல் முழுக்க நடந்ததை நான் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தேன். சாகக் கிடக்கிறவர்களுக்கு விசுவாசி யாராக இருந்தாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று இவரே எத்தனை வீடுகளில் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "குடுங்க" என்றேன். இவர் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயர் பக்குவம் வரலைன்னு எழுதி வச்சிருக்காரு. ஆள் அனுப்பியிருக்கேன், வந்துருவாரு" என்றார். நானே செம்பை எடுத்தேன். "பொம்பளை செய்யக் கூடாது" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். மலைக்குப் பல்லக்கிலா போனோம் நாம்? அப்போதெல்லாம் பொம்பளை செய்யலாம். இதற்கு மட்டும் கூடாது.

நீ கண்ணைத் திறந்தாய். நாங்கள் இருவரும் ஒரு செம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து உனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நிலைமையிலும்!

"அடுத்தவன் பொண்டாட்டி மேல எனக்கு ஆசை இல்லைன்னு அய்யருகிட்ட சொல்லிருங்க" என்றாய். பிறகு, "ஏ மதினி, அந்தத் தண்ணியக் குடிக்கக் குடு. தொண்டை காயுது" என்றாய்.

கொடுத்தேன். குடித்தாய். ஐயர் வந்து சேர்ந்தபோது உன் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தேன்.

உன் கொழுந்தன்மாரிடம் சொல்லி அனுப்பியதற்கு, "வேதக்கார வீட்டுல கை நனைச்சவ. எங்க சுடுகாட்டுல இடம் கிடையாது. கோயிலுக்குத்தான அரிசி போட்டா, கோயில்ல போய்க் கேளுங்க" என்று பதில் வந்தது. கோயிலில் போய்க் கேட்டேன். ஐயர் இருந்தார், மூப்பர் இருந்தார்.

"ஞானஸ்நானம் ஆகாதவுகள எப்படிம்மா கல்லறைத் தோட்டத்துல வைக்கிறது?" என்றார் மூப்பர். "குச்சனூர்ச் சாமி கோயிலத் தாண்டும்போது கையெடுத்துக் கும்பிட்டத ஊரே பாத்திருக்கு."

கும்பிட்டாய்தான். நான் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். "பக்கத்து வீட்டுக்காரக மதினி. ஒரு வணக்கம் சொன்னா என்ன கொறைஞ்சு போச்சு?" என்பாய். அதையா நான் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியும்? "செம்புத் தண்ணிய ஜெபத்தோட கொண்டுவந்து வச்சேன், அதக் குடிச்சிட்டுத்தான் போனா. தலையில ஊத்தினாத்தான் கணக்கா, தொண்டைக்குள்ள போனா இல்லையா?" என்று கத்தினேன். ஐயர், "துக்கத்தில் பேசுகிறீர்கள்" என்றார். துக்கமாம். அது துக்கமில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

வெயில் ஏற ஏற உன்னை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று நான் நின்ற நிலை யாருக்கும் வரக் கூடாது. கடைசியில் வாய்க்கால் மேட்டுப் புறம்போக்கில், நம்மை ஏற்றிப் போன வண்டிக்காரரும் மலையிலிருந்து இறங்கி வந்த தோட்டத்துப் பெண்களும் குழி வெட்டினார்கள். ஞானஸ்நானம் ஆகாதவர்களுக்கு அடக்க ஆராதனை வாசிக்கக் கூடாது என்று இவர் புத்தகத்தைத் திறக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நான் உனக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடினேன். அழுகையில் ராகம் கோணிக்கொண்டு போனது. நீ பாடுகிற மாதிரியே இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சபையோடு கற்பனைகளைச் சொல்லும்போது, பத்தாவது வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். சாமியிடம் எனக்குச் சண்டை இல்லை மதினி. நடந்தபோதெல்லாம் அவர் நம்மோடுதான் வந்தார், அதை நான் விட மாட்டேன். இவர்களிடம்தான் சண்டை.

இன்று காலிக் கலயத்தைப் பார்த்த பிறகும் மூப்பர் போகவில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிறாராம். குரலைக் குழைத்துக்கொண்டு, "கோவிச்சுக்கிறாதீகம்மா. கமிட்டி கூடிப் பேசியாச்சு. கல்லறைத் தோட்டத்துல, பெரிய வேம்புக்குக் கீழ, ஒங்க ரெண்டு பேருக்கும் இடம் ஒதுக்கியிருக்கு. இத்தனை வருசம் ஊழியம் செஞ்சவுக நீங்க" என்றார்.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"என்னம்மா சொல்றீக?"

"நான் செத்தா வாய்க்கால் மேட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும். என் மதினி பக்கத்துல. ஐயர்கிட்ட இப்பவே சொல்லிருங்க. அன்னைக்கு வந்து சட்டம் பேசக் கூடாது."

"அது புறம்போக்கும்மா!"

"தெரியும். நாங்கதான வெட்டினோம்."

மூப்பர் உள்ளே இவரைப் பார்த்தார். இவர் செருமவில்லை. காலிச் சாக்கை மடித்துக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

மத்தியானம் சோறு போட்டேன். இவர் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. நீ போனதிலிருந்து நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பிசைவதை நிறுத்திவிட்டு, "மூப்பர்கிட்டச் சொன்னது நெசந்தானா?" என்றார்.

"நெசந்தான்."

இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அங்கன எனக்கும் இடம் இருக்குமா?"

அவர் இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். ஆனால் அந்த மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது மதினி, அதனால் சொன்னேன்: "இருக்கும். எங்க ரெண்டு பேரு கால்மாட்டுல."

"சரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.