மீசையை எடுத்த தீபாவளி

வருஷா வருஷம் என் உச்சியில் முதல் சொட்டு எண்ணெய் வைத்த அக்காவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்கலாமா கூடாதா, தெரியவில்லை. கேட்டுவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் இருக்கிறேன்.

இந்தக் கடிதம் நம் டெல்லித் தமிழ்ச் சங்கத்து மலரில் வரப்போகிறது. செயலாளர் முனிர்காவில் என் வீட்டுக்கே காரை எடுத்துக்கொண்டு வந்து, படியேறி, கையைப் பிடித்துக் கெஞ்சிக் கேட்டார். வீட்டு விஷயத்தை ஊரே படிக்குமே என்று உன் தம்பி பெண்டாட்டி செண்பகம் முகத்தைச் சுளிக்கிறாள். படிக்கட்டும். நீயும் எங்கிருந்தாவது எட்டிப் பார்த்துப் படி.

நான் கூட்டத்தில் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் நீ அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாய். "அவன் சொல்லுததுல பாதியக் கழிச்சிட்டுக் கேளுங்க." செயலாளர் விஷயத்திலும் கழித்துக்கொள். அவர் போனில்தான் கேட்டார், எல்லாரையும்தான் கேட்டார். இப்போதெல்லாம் கழிக்க ஆள் இல்லை, அக்கா. நான் சொல்வதை ஜனங்கள் முழுசாக நம்பிவிடுகிறார்கள். இந்தத் தடவை வம்பு அதில்தான் ஆரம்பித்தது.

இன்றைக்கு இந்த ஊர்க்காரர்களுடைய பெரிய தீபாவளி. நம்முடையது நேற்றே முடிந்துவிட்டது. தெருவில் மத்தியானத்திலேயே வெடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து பால்கனிக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். யோசிக்கும்போதெல்லாம் கை மேலே போய் மீசையைத் தேடுகிறது. மீசை அங்கே இல்லை.

முதலில் ஊர்ச் செய்தி. மெட்ரோ ரயில் வந்துவிட்டது. நீ 'இதெல்லாம் நடக்கிற கதையா' என்று சிரித்தாயே, அதே ரயில். ஷாஹ்தரா பக்கம் வீட்டு மொட்டைமாடிகளுக்குச் சமமாக ஓடுகிறது. நான் முதல் நாளே போனேன். நானும் அரசாங்க டிரைவர் என்று தெரிந்ததும் அந்த ரயிலோட்டி என்னை எழுந்து நின்று கும்பிட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போனதும் மீனா தன் அப்பாவை மயூர் விஹாருக்கு அழைத்துப் போய்விட்டாள். உன் மகள் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் அத்தான் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அது ஓடுகிறதா இல்லையா என்றுகூடக் கவனிப்பதில்லை. போன தீபாவளி, நீ போய் ஒரு வருஷம் ஆவதற்குள் வந்ததால் நமக்குப் பண்டிகை கிடையாது. இந்த வருஷம் எல்லோரும் என் வீட்டில் கூட வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் நீ இத்தனை காலம் நடத்தியதை வேறு யார் நடத்துவது? அத்தானுக்குப் போன் போட்டேன்.

"எனக்கென்னவே தீபாவளி. நீங்க கொண்டாடுங்க."

"நீங்க வராம எப்படி அத்தான்?"

"ஒங்க அக்கா இல்லாத எடத்துல நான் வந்து என்ன செய்ய?"

வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "அக்கா படம் வரஞ்சு ஹால்ல மாட்டியிருக்கேன் அத்தான். ஆளுசரம். அப்படியே எழுந்திருச்சு வந்து பேசுத மாரி இருக்கு."

அவர் போனை வைக்கவில்லை. "அவளுக்கு ஏதுவே படம்?" என்றார் பிறகு. "ஒரு படத்துலயும் அவ இல்லையே."

"அதனாலதான் வரஞ்சேன்."

"அப்பம் வாரேன்."

அவர் கழிக்காமல் நம்பிவிட்டார். போனை வைத்துவிட்டு ஹாலைப் பார்த்தேன். சுவரில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் சொன்னதும் நிஜம்தானே. உன் ஜப்பான் காமிராவை நீ யாரிடமாவது கொடுத்தாயா? ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்கள் எண்ணெய்த் தலையோடு வரிசையாக நின்று பல்லைக் காட்டினோம். நீ எதிரில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். ஆல்பம் முழுக்க நாங்கள்தான் இருக்கிறோம். உன் படம் ஆஸ்பத்திரி அட்டையில் ஒட்டியது ஒன்றுதான், அதிலும் ஆபீஸ் முத்திரையை நெற்றியிலிருந்து வாய் வரைக்கும் குத்தி வைத்திருக்கிறார்கள்.

நான் வரையக்கூடியவன் என்பது உலகத்துக்கே தெரியும். எட்டாவதோடு நான் படிப்பை விட்டதற்குக் காரணமே, அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லாததுதான். என் செங்கோட்டை ஓவியத்தை ஒரு தூதரகத்துக்காரர் விலைக்குக் கேட்டார். நான் கொடுக்காமல் உனக்குக் கொடுத்தேன். நீ டி.வி.க்கு மேலே மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாய். "நல்லாத்தாம்லே இருக்கு. கோட்டைதான் லேசா சாயுது." ஆனாலும் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது. செண்பகம் என் படம் எதையும் ஹாலுக்குள் விட்டதில்லை. எனக்கு அடைத்த பால்கனிதான் ஸ்டூடியோ. பாதி இடத்தில் கூலர், மீதி இடத்தில் அவளுடைய கொடித்துணி, நடுவில் நான்.

ஹார்டுபோர்டு வாங்கினேன், பெயிண்ட் வாங்கினேன், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். உன் மாம்பழ மஞ்சள் பட்டுச்சேலை வந்துவிட்டது, மடிப்புகூட வந்துவிட்டது. கொண்டை வந்தது, காதுத் தோடு வந்தது. முகம் வரவில்லை. துடைத்துத் துடைத்து வரைந்தேன். ஒரு தடவை பேங்க் மேனேஜரம்மா மாதிரி இருந்தாய், ஒரு தடவை துர்க்கை மாதிரி.

இத்தனை வருஷம் பார்த்த முகம் எங்கே போகிறது, அக்கா? கண்ணை மூடினால் உன் குரல் வருகிறது. அப்பளம் பொரிக்கும்போது தள்ளி நிற்பாயே, அந்த நிலை வருகிறது. முகத்தை மட்டும் நீ அந்தப் பக்கமாகவே திருப்பிக்கொண்டு நிற்கிறாய். எழுந்து நடந்தேன், டீ குடித்தேன், கூலரைத் துடைத்தேன். பண்டிகை நெருங்கிக்கொண்டே வந்தது.

பண்டிகைச் சாமான் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். நீ வழக்கமாக வாங்கும் காப்பித்தூள் கடைக்காரர் தலையைச் சாய்த்து என்னையே பார்த்தார்.

"ஒங்களப் பாத்தா அக்காவப் பாத்த மாதிரியே இருக்கு சார். மீசை ஒண்ணுதான் இடைஞ்சல்."

காப்பித்தூளை வாங்கினேனா, அங்கேயே விட்டுவிட்டு வந்தேனா, ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் கண்ணாடியை மாட்டினேன். ரேசரை எடுத்தேன்.

என் மீசையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆபீஸ் வாசலில் நிற்கும் துப்பாக்கிக்காரன் என் காரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு சல்யூட் அடிப்பதில்லை, என் மீசைக்குத்தான் அடிப்பான். நீ போன அன்றைக்கே இதை எடுக்கிறேன் என்றேன். அக்காவுக்குத் தம்பி எடுக்கிற வழக்கம் கிடையாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. அவசரத்தில் தாடையில் ஒரு கீறல் வேறு விழுந்தது.

துவைத்த துணியோடு வந்த செண்பகம் வாளியைக் கீழே போட்டாள்.

"யாரு? யாருக்கு என்னாச்சு? ஊர்லேருந்து போன் வந்துச்சா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. படத்துக்காக எடுத்தேன்."

"படத்துக்கா? நல்ல நாளும் பொழுதுமா, எழவு வீட்டு ஆளு மாரி வழிச்சிட்டு நிக்கியளே. ஒங்களுக்கு எதுலதான் வெளையாட்டு?"

அவள் சொன்னதில் தப்பில்லை. கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி சாயங்காலமே ராஜ்மாவும் சாதமுமாக ஏறி வந்து, "பாயி சாப், கௌன் சலா கயா?" யார் தவறிப்போனது என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆபீஸில் இன்னும் மோசம். பெரிய அதிகாரி என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "வீட்டுக்குப் போ" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும். அந்த அரை நாளில்தான் முகம் முடிந்தது.

கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். மூக்கு உன்னுடையது, நெற்றி உன்னுடையது. பொட்டு வைத்தேன், மூக்குத்தி வைத்தேன். டெல்லியில் இப்படி ஒரு படம் எந்த மியூசியத்திலும் கிடையாது. செண்பகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"மதினி சேலையக் கட்டிக்கிட்டு நீங்க நிக்குத மாரி இருக்கு."

ஆனால் காலண்டரை எடுத்துவிட்டு அந்த ஆணியைத் துடைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

நேற்று விடியற்காலை வந்தார்கள். மீனா முதலில் ஏறி வந்தாள். "அரே மாமா, யே க்யா? மீசை எங்க போச்சு?" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் அத்தான். இளைத்துவிட்டார், அக்கா. சட்டை தோளில் நிற்கவில்லை. ஒரு செருப்பைக் கழற்றினார், மற்றதைக் கழற்றவில்லை. என்னைப் பார்த்தபடியே நின்றார்.

நான் சுவரைக் காட்டினேன். சேலைக் கரைக்கு எத்தனை விதமாக மஞ்சள் குழைத்தேன், அந்த பெயிண்ட் எந்தெந்த நாட்டிலிருந்து வந்தது என்றெல்லாம் விளக்கினேன். அத்தான் படத்தை ஒரு தடவை பார்த்தார். "நல்லாருக்குவே" என்றார். மறுபடியும் என் பக்கம் திரும்பிவிட்டார்.

மீனா கிட்டே போய்ப் பார்த்தாள். "மாமா, அம்மாவுக்கு தாடையில கட் மார்க் இருந்துச்சா?"

என் கீறலையும் சேர்த்து வரைந்திருக்கிறேன். செண்பகம் சிரித்தாள், மீனா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு எண்ணெய். மிளகு போட்டுக் காய்ச்சிய எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு செண்பகம் நின்றாள். நான் மணையில் உட்கார்ந்தேன். அவள் வயதில் சின்னவள், எனக்கு வைக்கிற முறையில்லை. மீனா அதைவிடச் சின்னவள். உன் இடத்துக்கு ஆள் இல்லை. எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது.

அத்தான் எழுந்து வந்து கிண்ணத்தை வாங்கினார்.

அவர் வாழ்நாளில் யாருக்கும் எண்ணெய் வைத்ததில்லை. நீ பின்னால் நின்று வைப்பாய், அவர் என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டார். உச்சியில் வைப்பதற்குப் பதிலாக நெற்றியில் ஊற்றிவிட்டார். கண்ணுக்குள் இறங்கியது. மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறயும்."

"எரியுது அத்தான்."

"எரிஞ்சா எரியட்டும்வே. தொறயும்."

திறந்தேன். அவர் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"இந்த மேலுதடு அவளுதுதான். கோவம் வந்தா இப்பிடித்தான் ஒரு பக்கமா இழுக்கும். எனக்கு மறந்தே போச்சுவே. ராத்திரியும் பகலும் யோசிச்சுப் பாக்கேன், வரவே மாட்டேங்கு."

என் கண்ணில் வழிந்ததை எண்ணெய் என்று சொல்லிவிடலாம். அவர் கண்ணில் எண்ணெய் ஒரு சொட்டுகூடப் படவில்லையே. கையை என் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மீனா உன் காமிராவை எடுத்து வந்து ஒரு கண்ணை மூடினாள், பிறகு கீழே இறக்கிவிட்டாள். எடுக்கவில்லை.

அத்தான் குளித்தார், புதுவேட்டி கட்டினார், உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். சட்னியில் உப்பு கம்மி என்று செண்பகத்திடம் சொன்னார். எத்தனை காலமாயிற்று அவர் சாப்பாட்டைக் குறை சொல்லி. செண்பகம் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது வாசலில் என் தோளைப் பிடித்தார்.

"பொங்கலுக்கும் வாரேன். அதுக்குள்ள அவசரப்பட்டு மீசைய வளத்துராதேயும்."

படத்தைத் தரட்டுமா என்று கேட்டேன். இங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டார். நல்லாருக்கு என்று சொன்னாரே, பிறகு ஏன் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை? நேற்றிலிருந்து இதுதான் உறுத்துகிறது. எழுந்து போய்ப் படத்தைப் பார்க்கிறேன், பால்கனிக்குப் போய்க் கண்ணாடியைப் பார்க்கிறேன். கோபம் வந்த மாதிரி உதட்டை இழுத்துப் பார்க்கிறேன். எனக்கு நான்தான் தெரிகிறேன். அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தாய்?

மேலுதட்டில் இன்றைக்கே அரிப்பு எடுக்கிறது, முளைக்கப் பார்க்கிறது. தன் அண்ணன் மகன் கல்யாணத்துக்குள் பழைய மீசை வந்தாக வேண்டும் என்று செண்பகம் கெடு வைத்திருக்கிறாள். துப்பாக்கிக்காரன் சல்யூட் அடிப்பதை நிறுத்திவிட்டான், என்னிடம் அடையாள அட்டை கேட்கிறான். கேட்கட்டும்.

அக்கா, இந்தக் கடிதத்தில் நீ எதை வேண்டுமானாலும் கழித்துக்கொள். ரயிலோட்டி கும்பிட்டதைக் கழி, தூதரகத்துக்காரரைக் கழி. இந்த ஒன்றை மட்டும் கழிக்காதே. அத்தான் என் வீட்டுப் படியேறி வருகிற காலம் வரைக்கும், ஒவ்வொரு பண்டிகைக்கும் மீசையை வழித்துவிட்டு அவர் எதிரில் உட்காருவேன். எண்ணெய் எரிந்தாலும் கண்ணைத் திறந்து வைத்திருப்பேன்.

உன் முகத்தைச் சுமந்துகொண்டு முனிர்காவில் திரியும்,
உன் தம்பி.